யாருக்காக இந்த நூலகம்?

நூலகம் என்பது நூல்களைப் பூட்டி வைக்கும் பேழை அன்று. நூலும் படிப்பவரும் சந்திக்கும் இடம். நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ஆம் ஆண்டில் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்தபோது, படிப்பவரின் தேவையையே நடுவில் நிறுத்தினார். அந்த அளவுகோலைக் கொண்டு, பேரளவிலான அரசு நிறுவனம் ஒன்று கட்டியுள்ள மின்னூலகத்தை அளந்து பார்ப்போமா?

சி.எஸ்.ஐ.ஆர். என்னும் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு 1942-இல் தோன்றியது. தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம், அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையம், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையம் முதலாக 37 ஆய்வகங்கள் அதன் குடைக்கீழ் உள்ளன. இத்தனை ஆய்வகங்களும் ஒரே இதழைத் தனித்தனியே விலை கொடுத்து வாங்கினால் நாடு தாங்குமா? ஆகவே 2001-இல் மின்னிதழ்களைக் கூட்டாகப் பெறும் முயற்சி தொடங்கியது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை, ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்று அந்த முறையை நாடு முழுவதற்கும் விரித்தது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுக்கு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய்!

நல்ல ஏற்பாடுதான், என்போன்ற மாணவர்க்குப் பயன் தரும் ஏற்பாடுதான். ஆயினும் அது வாடகை வீடு. இங்கே படிப்பை முடித்துச் சென்ற நண்பர் ஒருவருக்கு, நிறுவனம் கொடுத்த கணக்கு மூடப்பட்டதும் இதழ்களின் கதவும் மூடிக்கொண்டது. நேற்றுவரை ஆராய்ச்சி மாணவர், இன்று வெளியாள்!

அப்படியானால் நமக்கென்று சொந்த வீடு ஒன்றும் இல்லையா? உண்டு. அதுதான் மரபறிவு மின்னூலகம்.

அது பிறந்த கதை சுவையானது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்கா 1995-இல் காப்புரிமை அளித்தது. நம் பாட்டிமார் அறிந்ததைப் புதுக் கண்டுபிடிப்பு என்றார்கள். சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வாதாடியது, 1997-இல் அந்த உரிமை நீக்கப்பட்டது. வழக்கை வென்றது எது? பாட்டியின் வாய்ச்சொல் அன்று. பழைய வடமொழி நூலும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த கட்டுரையும் போன்ற அச்சுச் சான்றுகள். ஒவ்வொரு முறையும் இப்படி ஓடியாடிச் சான்று தேடுவதினும், எல்லாவற்றையும் ஓரிடத்தில் தொகுத்து வைப்பதே அறிவுடைமை என்று 2001-இல் இந்த நூலகத்தைத் தொடங்கினர். ஆயுர்வேதம், யுனானி, சித்தம், யோகம் முதலியவற்றின் நூல்களிலிருந்து செய்முறைகளை எடுத்து, வகைப்படுத்தி, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் அமைத்தனர். பாராட்டத்தக்க பெரும்பணி!

ஆனால் நண்பர்களே, ஒரு விந்தையைக் கவனியுங்கள். சித்தர் நூல்கள் தமிழில் எழுந்தவை. அவற்றின் சாரத்தை ஜப்பான் நாட்டுக் காப்புரிமை அலுவலர் தம் மொழியில் படிக்கலாம். தமிழ் மாணவருக்கோ அந்த வாயில் திறந்திருக்கவில்லை. காப்புரிமை அலுவலகங்களுக்கு என்றே கட்டப்பட்டது அது. 2022 ஆகஸ்டில் மற்றவர்க்கும் படிப்படியாகத் திறக்க அமைச்சரவை இசைந்தது; எனினும் கட்டணச் சந்தா வழியாகத்தான் என்றது.

“கதவைத் திறந்தால் கள்வனும் நுழைவானே?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. வகைப்படுத்தி, மொழிபெயர்த்துத் தட்டில் வைத்துக் கொடுத்தால், சிறிது மாற்றித் தமதாக்கிக்கொள்ள முயலும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் இந்த நூலகத்தின் மூலங்கள் வெளிவந்த நூல்களே. அவை கள்வனுக்கும் கிடைப்பவை. உலகறிய இருப்பதைப் புதியது என்று எவரும் உரிமை கொண்டாட முடியாது. மஞ்சள் வழக்கு காட்டிய பாடமும் அதுவே. எனவே நடுவழி ஒன்று உண்டு. மாணவரும் ஆசிரியரும் பெயர் பதிந்து கட்டணமின்றிப் படிக்கட்டும். வாணிகம் செய்வோர் பணம் கட்டட்டும்.

வேதியியல் முதுகலை மாணவன் ஆகிய நான் இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. பாதரசமும் கந்தகமும் சேர்த்துச் செய்யும் மருந்துகள் சித்த மருத்துவத்தில் உள்ளன. “தாய்நாட்டு மருந்து, ஆகையால் தீங்கில்லை” என்பார் ஒருசாரார். “பழைய மருந்து, ஆகையால் மூடத்தனம்” என்பார் மற்றொருசாரார். இருவரும் சோதித்துப் பாராதவர்கள். நூல் சொல்லும் செய்முறை என்ன, எத்தனை முறை புடம் இட வேண்டும், முடிவில் உள்ள சேர்மம் எது, அது உடலில் என்ன செய்யும் என்று ஆய்வுக்கூடத்தில் காண்பதே அறிவியல். நம்புவதற்காக அன்று, சோதிப்பதற்காகவே அந்த நூலகத்தைக் கேட்கிறேன். நஞ்சு என்று தெரிந்தால் அதையும் அஞ்சாமல் சொல்லுவோம். உண்பவர் நம் மக்கள் அல்லரோ?

ஊரை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் இடத்தில் பயிலும் நமக்கு, தமிழ் என்பது பொங்கல் விழாவின் மேடைப்பேச்சோடு முடிந்துவிடலாகாது. நம் சங்கம் இரண்டு கோரிக்கைகளை எழுதி அனுப்பட்டும். ஒன்று: பல்கலைக்கழக மாணவர்க்கு மரபறிவு மின்னூலகத்தில் கட்டணமற்ற இடம். மற்றொன்று: சித்த மருத்துவப் பகுதியிலாவது தமிழையும் ஆறாம் மொழியாகச் சேர்த்தல். பிழை திருத்தவும் ஒப்பு நோக்கவும் ஆள் வேண்டுமாயின், விடுமுறையில் நாம் உழைக்க ஆயத்தம் என்றும் அம்மடலில் சேர்ப்போம்.

கேட்டால் கொடுப்பார்களா என்று ஐயுற வேண்டா. முதலில் கேட்போம். மடலை எழுத நான் முன்வருகிறேன். கையொப்பமிட நீங்கள் வாருங்கள்.