திராக்ஷைக் குடியானவர் தாமே இட்டுக்கொண்ட வேலி

பிரான்சு தேசத்தின் தென்பாகத்தில், ரோன் நதியின் இடக்கரையில், அவிஞோன், ஒராஞ்சு என்னும் இரு நகரங்களுக்கும் நடுவே ஷாத்தோநஃப் து பாப் என்னும் கிராமம் இருக்கிறது. ‘போப்பின் புதுக்கோட்டை’ என்பது அப்பெயரின் பொருள். 14-ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் அவிஞோனில் வசித்தபோது, இருபத்திரண்டாம் ஜான் என்பவர் அங்கே ஒரு கோட்டை கட்டுவித்தார். இன்று அவ்வூரின் செந்திராக்ஷை மது உலகெங்கும் பெயர் பெற்றிருக்கிறது. மது அருந்துதல் நன்றோ தீதோ என்னும் வாதம் இவ்விடத்துக்குரியதன்று. அச்சரக்குக்கு அவ்வளவு மதிப்பு எவ்வாறு உண்டாயிற்று என்பதே குடியானவர் கவனிக்கத்தக்கது.

நிலத்தைக் கண்டால் எவரும் நகைப்பர். பல தோட்டங்களில் மண்ணே தென்படாது. ஆற்று வெள்ளம் உருட்டி வழவழப்பாக்கிய கூழாங்கற்களே பரந்து கிடக்கும். கையளவுக் கல்லும் உண்டு, தலையளவுக் கல்லும் உண்டு. அவை பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் கொடிகளுக்கு விடுகின்றன. கீழுள்ள செங்களிமண்ணின் ஈரத்தையும் காக்கின்றன. மிஸ்திரால் என்னும் கடும் வடகாற்றுக்கு அஞ்சிப் பல கொடிகளைப் பந்தலேற்றாமல் குட்டைப் புதர்போல் கவாத்துச் செய்கின்றனர்.

முற்காலத்தில் இவ்வூர்ச் சரக்கிற் பெரும்பகுதி வேறிடத்து மதுவுக்கு வீரியமூட்டக் கலப்புச் சரக்காகப் போயிற்று. 1860-களில் எதிர்க்கரைப் பிரதேசத்தில் தோன்றிய பைலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி கொடிகளை அழித்தது. அமெரிக்க வேர்க்கொடிகளில் ஒட்டுக்கட்டியே தோட்டங்கள் மீண்டன. பின்னர்ப் போலிச்சரக்கு மலிந்தது. எங்கோ விளைந்தது இவ்வூர்ப் பெயரில் விற்றது.

1923-ஆம் வருஷத்தில் அவ்வூர்க் குடியானவர்கள் லெ ருவா என்னும் பிரபுவின் தலைமையில் தமக்குத் தாமே விதிகள் வகுத்தனர். தைமும் லவண்டரும் சேர்ந்து முளைக்கக்கூடிய வறண்ட நிலமே அப்பெயருக்குரியது. வளமான வண்டல் விலக்கப்பட்டது. மதுவில் சாராயச் சத்து நூற்றுக்கு 12.5 பங்குக்குக் குறையலாகாது; அறுவடையில் தரங்குறைந்த பழத்தைப் பொறுக்கித் தள்ளவேண்டும். பல வருஷம் வழக்காடியே இவை நிலைபெற்றன. 1935-இல் பிரான்சு முழுவதற்கும் இத்தகைய சட்டம் ஏற்பட்டது. 1936-இல் அவ்வூர் அதன்கீழ் முதலில் பதிவானவற்றுள் ஒன்றாயிற்று.

விளைவுக்கும் எல்லை உண்டு. எக்டருக்கு 35 எக்டோலிட்டர், அதாவது ஏக்கருக்குச் சுமார் 1,400 லிட்டர். விளைந்ததைத் தள்ளுவது பாவமென்று சிறு குடியானவன் முறையிடுவது இயல்பே. கடன்பட்டவனுக்கு அது உண்மையான நஷ்டந்தான். ஆயினும், 1907-இல் அருகிலுள்ள லாங்கெதோக் பிரதேசத்தில் மிதமிஞ்சிய சரக்கும் கலப்படமும் விலையை வீழ்த்தியதும், நார்பொன் நகரில் துருப்புகள் சுட்டு உயிர்ச்சேதம் நேர்ந்ததும் மறக்கத்தக்கனவல்ல. அதனோடு ஒப்பிடின், கூடையில் சிறிது குறைவது பெரிதன்று. விதி சர்க்காரிடமிருந்து முதலில் இறங்கியிருந்தால் ஏய்ப்பவரே மிகுந்திருப்பர்; இங்கோ அண்டை வீட்டுக்காரனே காவலன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவ்விதிகள் மறு ஆலோசனைக்குரியன. சமீப காலத்து வெப்பத்தால் பழம் மிகுதியாக இனித்து, சாராயச் சத்து பல வருஷங்களில் 14, 15 பங்கை எட்டுகிறது. குறைந்த அளவை நிர்ணயித்த முன்னோர் இதை எதிர்பார்த்திலர். நீர்ப்பாய்ச்சலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் விதியும் வறட்சி வருஷங்களில் இளங்கொடிகளை வாட்டுகிறது. அதைத் தளர்த்துவதாயின், 1923-இல் செய்ததுபோல் ஊரார் கூடியே தளர்த்தல் வேண்டும். தனித்தனியே இரவில் மடை திறப்பது கூடாது.