கிரவல் மைதானமும் கலைந்துபோன சங்கமும்

புல்லே இல்லாத உதைபந்தாட்ட மைதானம் ஒன்று உண்டு என்றால் நம் மாணவர்கள் வியப்படைய மாட்டார்கள். ஆடி மாதத்தில் நம் பகுதிப் பாடசாலை மைதானங்கள் பலவற்றிற் புல்லைத் தேடித்தான் காணவேண்டும். ஆனால் இன்று நான் சொல்லவந்த மைதானம் வரட்சியினாற் புல்லிழந்ததன்று, மழையினாற் புல்லிழந்தது. அவுஸ்திரேலியாவின் தென்கோடித் தீவாகிய தஸ்மேனியாவிலே, மேற்கு மலைகளுக்கிடையில் குவீன்ஸ்ரவுண் என்றொரு சுரங்க நகரம் இருக்கின்றது. ஆண்டொன்றுக்கு 95 அங்குலம் வரையில் அங்கே மழை பொழியும்; யாழ்ப்பாணத்து மழையிலும் ஏறக்குறைய இருமடங்கு. அத்தனை மழையில் எந்தப் புற்றரையும் சேறாகிவிடும் என்பதனால், ஊரார் தங்கள் மைதானத்திலே நாம் தெருவுக்குப் போடும் கிரவலையே பரப்பிவிட்டார்கள். விழுந்தவன் தோலோடு எழுவதில்லை. வெளியூர் அணிகளுக்கு அந்த மைதானத்தின் பெயரே ஒரு சிம்மசொப்பனம்.

அங்கே ஆடப்படுவது நாம் ஆடும் உதைபந்தாட்டமன்று. 1859 ஆம் ஆண்டிலே மெல்பேணிற் சட்டங்கள் எழுதப்பெற்ற அவுஸ்திரேலிய ஆட்டம். முட்டைவடிவப் பந்து, முட்டைவடிவ மைதானம், பக்கத்துக்குப் பதினெண்மர். பந்தைக் கையிற் பிடிக்கலாம், உதைக்கலாம், முட்டியாற் குத்தி அனுப்பலாம். எறிதல் மட்டும் கூடாது. ஒவ்வோர் எல்லையிலும் நான்கு கம்பங்கள். நடுவிரண்டுக்கூடாக உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்தே போனால் ஒன்று. குறி தவறினவனுக்கும் ஒரு புள்ளி கொடுக்கும் இந்தத் தாராளம் எனக்கு மிகவும் பிடித்த சட்டம். பரீட்சை நடத்துவோர் இதைக் கவனிப்பார்களாக!

குவீன்ஸ்ரவுணை உண்டாக்கியது செம்பு. மவுண்ட் லயல் மலையிலிருந்து வெட்டிய தாதுவை உருக்குவதற்காக மலைச்சரிவுகளின் மரங்களெல்லாம் வெட்டப்பட்டன. உலைகளின் கந்தகப் புகை எஞ்சிய செடிகொடிகளைக் கருக்கியது. பெருமழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. எஞ்சிய மலைகள் மஞ்சளும் இளஞ்சிவப்புமாய் மொட்டையாக நிற்க, பார்த்தவர்கள் சந்திரமண்டலம் என்றார்கள். ஆண்டாண்டாகக் கழிவு கலந்த ஆறுகளில் மீன் வாழவில்லை. 1912 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே சுரங்கத்துக்குள் மூண்ட தீயில் 42 தொழிலாளர் மாண்டனர். இப்படிப்பட்ட ஊரிலே, வாரம் ஆறு நாளும் நிலத்துக்குக் கீழே உழைத்தவனுக்குச் சனிக்கிழமை பிற்பகல் என்ன பொருளுடையதாக இருந்திருக்கும் என்பதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. 1932 வரை தலைநகராகிய ஹோபார்ட்டுக்குத் தெருவே கிடையாது. கடற்கரைத் துறைமுகத்துக்கு ஓடிய பல்லிருப்புப் பாதைப் புகையிரதமே உலகத்துக்கு வாயில். ஆகவே விளையாடுவதற்கு எதிராளியைத் தங்களுக்குள்ளேயே தேடிக்கொண்டார்கள்.

அணிகளின் பெயர்களைக் கேட்டாலே ஊரின் வரலாறு விளங்கும். ஓர் அணியின் பெயர் 'ஸ்மெல்ற்றர்ஸ்', அதாவது உருக்காலைக்காரர். இன்னொன்று 'சிற்றி'. மலைக்கு அப்பாலிருந்த கோர்மன்ஸ்ரன் கிராமமும் லயலும் சேர்ந்து ஓர் அணி. வடக்கே நாகச் சுரங்கத்தையுடைய ரோஸ்பெரியும், ஒருகாலத்தில் 'வெள்ளி நகரம்' என்று புகழ்பெற்றிருந்த சீஹனும் சேர, மேற்குத் தஸ்மேனிய உதைபந்தாட்டச் சங்கம் அமைந்தது. ஒரே சுரங்கத்தில் ஒரே கூட்டில் இறங்கியவர்கள் சனிக்கிழமையன்று ஒருவரையொருவர் கிரவலில் உருட்டினார்கள். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் தோளோடு தோள்!

இந்தச் சங்கம் 1990களின் முற்பகுதியிற் கலைந்தது. திடீரென்று வந்த மரணமன்று அது. 1969 இல் உருக்காலை நின்றது. அதன்பின் 'உருக்காலைக்காரர்' என்பது வெறும் பெயர். அடுத்த பத்தாண்டில் செம்பின் விலை வீழ, தொழிலாளர் தொகை குறைந்தது. அந்தப் பகுதியில் நீர்மின் அணைகள் கட்டப்பட்ட காலமெல்லாம் வெளியூர் வாலிபர் வந்து அணிகளை நிரப்பினர். அணைவேலை முடிந்ததும் அவர்களும் போனார்கள். கோர்மன்ஸ்ரன் இன்று ஏறக்குறைய வெறும் ஊர். 1893 இல் நிறுவப்பட்ட பழைய மவுண்ட் லயல் கம்பனியே 1994 டிசம்பரில் மூடப்பட்டது.

நாட்டுப்புறச் சங்கம் ஒன்றின் கடைசிப் பருவம் எவ்வாறிருக்கும் என்பது அவுஸ்திரேலியாவின் கிராமப்புறத்தார் பலர் அறிந்ததே. விக்ற்றோரியா மாநிலத்தின் கோதுமை நிலமாகிய மலீப் பகுதியின் சங்கமும் 2015 ஆம் ஆண்டுப் பருவத்தோடு முடிந்துபோனது. பதினெண்மரைச் சேர்ப்பதே காரியதரிசிக்குப் பெரும்பாடாகிவிடும். நாற்பது வயதுக்காரர் பாதணியை மறுபடியும் எடுப்பார். பள்ளிச் சிறுவன் காலத்துக்கு முன்பே பெரியவர்களோடு இறங்குவான். பின்பு ஓர் அணி விலகும். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கின்றது. கோயிலோ வாசிகசாலையோ மக்கள் குறைந்தாலும், இருக்கின்ற பத்துப்பேரோடு நடக்கும். ஆட்டச் சங்கம் அவ்வாறன்று. அது எதிராளிகளால் ஆனது. பக்கத்து ஊர் அணி விழுந்தால் 'ஒழிந்தான் பகைவன்' என்று மகிழ முடியாது. அவனோடு நமது சனிக்கிழமையும் ஒழிந்துவிடுகின்றது. ஐந்து அணி நான்காகி, நான்கு மூன்றானால் ஒவ்வொரு வாரமும் ஓர் அணி சும்மா இருக்கவேண்டும். அதன்பின் அட்டவணை போடுவதற்கே பொருளில்லை.

குவீன்ஸ்ரவுணில் மிஞ்சியவர்கள் ஒன்றுகூடிக் 'காகங்கள்' என்ற ஒரே அணியாகி, வடமேற்குப் பகுதிச் சங்கத்திலே சேர்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தந்தையர் அடித்துக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே சட்டையை அணிந்தார்கள். இதை ஒற்றுமை என்று புகழ்வோர் உளர். எனக்கு அது அரைமகிழ்ச்சிதான். எதிர்த்து நிற்க ஊருக்குள் ஆளில்லாமையினால் வந்த ஒற்றுமை அது. பேர்ணி போன்ற கரையோர நகருக்குச் செல்வதற்கு மலைப்பாதையில் ஏறக்குறைய நூறு மைல் போகவேண்டும். முன்பு கால்நடையாகப் போய் ஆடியவர்களுக்கு இது சிறிய மாற்றமன்று.

சுரங்கத்தின் பிற்காலக் கதையிலே தமிழருக்கும் ஒரு தொடர்புண்டு. 1995 இல் வேறொரு கம்பனி அதை மீண்டும் திறந்தது. 1999 இல் இந்தியாவின் ஸ்ரெர்லைற் நிறுவனம் வாங்கியது. அந்த மலையின் செம்புத்தாது கப்பலேறித் தூத்துக்குடி ஆலைக்கு வந்தது. ஐந்தாறு வாரத்துக்குள் மூன்று தொழிலாளர் இறந்துபட்டதன் பின், 2014 இல் சுரங்கத்தில் வேலை நிறுத்தப்பட்டது. தூத்துக்குடியிலோ, 2018 மே மாதத்தில் ஆலையை எதிர்த்து நின்ற மக்கள் மீது பொலிசார் சுட, 13 பேர் மாண்டனர், ஆலை மூடப்பட்டது. தாது வெட்டிய ஊரும் அதை உருக்கிய ஊரும் ஒன்றையொன்று கண்டதில்லை. இரண்டும் புகைக்கும் வேலைக்குமாகத் தங்கள் தங்கள் விலையைக் கொடுத்திருக்கின்றன.

உலைகள் அணைந்து அரைநூற்றாண்டுக்கு மேலாகின்றது. குவீன்ஸ்ரவுண் மலைகளிலே பசுமை மெல்ல மெல்லத் திரும்புகின்றது. வெறும் மலையைக் காணவரும் பிரயாணிகளை எண்ணி, பச்சை திரும்புவதை விரும்பாத ஊரார் சிலரும் இருந்திருக்கின்றார்கள்! மைதானத்தில் மட்டும் புல் வளர்க்க எவரும் முயலவில்லை. சங்கம் கலைந்த பின்னும் கரையோரத்து இளைஞர்கள் மலையேறி வந்து, முழங்காற்றோலைக் கிரவலிற் கொடுத்துவிட்டே திரும்பினார்கள்.