ராயப்பேட்டைக் கொல்லையில ஒரு எருக்குழி

ராயப்பேட்டையில என் தங்கச்சி இருக்கறது பழைய காலத்து வீடு. பின்னாடி ஒரு கிணறு, ஒரு வாதாம் மரம், ரெண்டு கட்டில் போடுற அளவுக்கு மண் தரை. "அண்ணே, காய்கறித் தோலை இங்கேயே உரமாக்கணும், எப்படிப் பண்றது?"ன்னு கேட்டா. "இதுல என்ன வித்தை? மூலையில கொட்டிக்கிட்டே வா, தன்னால மக்கும்"னு சொல்லிட்டு மதுராந்தகத்துக்கு பஸ் ஏறிட்டேன்.

பத்தாம் நாள் போன் வந்தது. நாத்தம் தாங்கல, ஈ மொய்க்குது, பக்கத்து வீட்டுல சண்டைக்கு வர்றாங்கன்னா. போய்ப் பார்த்ததும் புரிஞ்சுது, தப்பு என்னோடது.

எங்க ஊர் எருக்குழியில விழறது மாடு கழிச்ச வைக்கோல், தொழுவம் கூட்டின சாணி, வாசல் சருகு. சமையல் கழிவு அதுல ஒரு கை அளவுதான். காஞ்சது நிறைய கிடக்கறதால நாங்க அதைத் தனியா நினைக்கறதே இல்ல. அவ கொட்டினது முழுக்க ஈரம். காத்து போகாத ஈரம் அழுகும், மக்காது. ஆனா வாதாம் சருகை மட்டும் தினமும் கூட்டி மூட்டை கட்டி மாநகராட்சி வண்டிக்குக் கொடுத்திருக்கா!

திரும்ப ஆரம்பிச்சோம். நிழலான இடமா, மூணடிக்கு மூணடி. அடியில தேங்காய் மட்டையும் குச்சியும், காத்து போறதுக்கு. ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு ரெண்டு மூணு பங்கு சருகு. நடுநடுவே ஒரு கை பழைய மண், கொஞ்சம் புளிச்ச மோர். எப்பவும் மேலே சருகு மூடியிருக்கணும். வாரம் ஒருதடவை கிளறணும். கையில அள்ளிப் பிடிச்சா ஈரம் தெரியணும், தண்ணி சொட்டக் கூடாது. நாத்தம் வந்தா சருகு பத்தலைன்னு அர்த்தம். எறும்பு வந்தா ஈரம் பத்தலைன்னு அர்த்தம். மீன், கறி, எண்ணெய்ப் பண்டம், மீந்த சோறு வேண்டாம், எலி வரும்.

"நாலு வீட்டுல இப்படிப் பண்ணினா சென்னைக் குப்பை தீர்ந்துடுமா?"ன்னு மாப்பிள்ளை கேட்டார். தீராதுதான். வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடின்னு பல வருஷமா மலையா குவிஞ்சது அது. 2022 ஏப்ரல் கடைசியில பெருங்குடி மேடு பத்திக்கிட்டு நாள்கணக்கா புகைஞ்சதை மறந்திருக்க மாட்டீங்க. காத்து போகாம அழுகற குப்பையில மீத்தேன் வாயு உண்டாகும். அது எரியற வாயு. அங்க போறதுல உங்க வீட்டுத் தோலும் ஒரு பங்கு.

எனக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. ஜாம்பஜார்ல நீங்க வாங்கற கத்தரிக்காய் என்னை மாதிரி ஒருத்தன் மண்ணுல இருந்து சத்தை எடுத்துக்கிட்டு வந்தது. முன்னெல்லாம் தின்ன மிச்சம் அதே ஊர் எருக்குழிக்குப் போய் வயலுக்குத் திரும்பும். இப்ப வர்ற வழி மட்டும்தான், திரும்பற வழி இல்ல. நானும் மாட்டை வித்துட்டு யூரியா மூட்டை தூக்கறவன்தான். அதனால உங்களுக்குப் புத்தி சொல்ல வரல. தோலைக் குப்பைன்னு நினைச்சுத் தூக்கிப் போடாதீங்கன்னு கேட்டுக்கறேன், அவ்வளவுதான்.

அடுக்குமாடியில மண் தரைக்கு எங்க போறதுன்னா, ஓட்டை போட்ட மண்தொட்டி ரெண்டு போதும். ஒண்ணு நிறையும்போது இன்னொண்ணு மக்கும். அதுவும் முடியாதுன்னா ஈரக் குப்பையையாவது தனியா பிரிச்சுக் கொடுங்க. திடக்கழிவு விதியே அதைச் சொல்லுது.

மூணு மாசம் கழிச்சுத் தங்கச்சி ஒரு பை உரம் கொடுத்தா. கறுப்பா, உதிரியா, புது மழை மண் வாசனையோட இருந்துச்சு. எங்க வீட்டு முருங்கைக்கு அதைத்தான் போட்டேன்.

ஐப்பசி மழைக்கு முன்னாடி ரெண்டு சாக்கு சருகு சேர்த்து வச்சுக்கோங்க. மழையில காஞ்ச இலை கிடைக்காது.