சீட் கிடைச்சாச்சு, பட்டம் எங்கே?

மத்திய கைலாஷ் தாண்டி சர்தார் பட்டேல் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் ஐ.ஐ.டி. கொஞ்ச தூரம் போனால் அண்ணா பல்கலைக்கழகம். உள்ளே ஒரு சீட் கிடைத்துவிட்டால் பையன் கரை சேர்ந்துவிட்டான் என்று ஊரில் வெடி போடுகிறார்கள்.

கரை எங்கே சார் சேர்ந்தான்? பாதி ஆற்றில் எத்தனை பேர் காணாமல் போகிறார்கள் தெரியுமா?

2023 டிசம்பரில் பாராளுமன்றத்தில் மத்திய அரசே கொடுத்த கணக்கு இது. மத்திய பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். ஆகியவற்றில் ஐந்து வருஷத்தில் படிப்பைப் பாதியில் விட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்பட்ட வகுப்பு மாணவர்கள் 13,626 பேர்! ஐ.ஐ.டி.க்களில் மட்டும் 3,542.

ஏன் போனார்கள்? மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருக்கின்றன, அவர்களாகவே ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாறிக்கொள்கிறார்கள் என்பது அரசின் பதில்.

மாறிப் போக இவர்கள் என்ன வேடந்தாங்கல் பறவைகளா? நல்ல இடம் கிடைத்துப் போனவர்கள் சிலர் இருக்கலாம். எல்லோருமா? ரங்கநாதன் தெருவில் துணி எடுத்துப் போடுகிற பையனையும், பைக்கில் சாப்பாடு கொண்டு வருகிற பையனையும் கேட்டுப் பாருங்கள். "இன்ஜினியரிங் ரெண்டு வருஷம் படிச்சேண்ணே, அரியர் விழுந்துடுச்சு" என்பவர்கள் உண்டு.

2015-ல் ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் என்ன நடந்தது? முதல் வருஷ மார்க் குறைவு என்று 70-க்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாக வெளியே அனுப்பினார்கள். பெரும்பாலோர் இட ஒதுக்கீட்டில் வந்தவர்கள். கூச்சல் கிளம்பிய பிறகுதான், முதல் வருஷத்தைத் திரும்பப் படி என்று உள்ளே விட்டார்கள்.

"கோட்டாவில் வந்தா இப்படித்தான்" என்று டீக்கடையில் ஒருவர் சொல்வார். அவருக்கு ஒரு விஷயம்.

1970-களின் கடைசியில் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டார்கள். யூரி டிரைஸ்மன் என்ற கணக்கு ஆசிரியர் அவர்கள் பின்னாலேயே போய்ப் பார்த்தார். சோம்பேறிகள் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து படித்தார்கள். சீன மாணவர்களோ கூட்டமாக உட்கார்ந்து, சண்டை போட்டு, தப்பைத் திருத்திக்கொண்டு படித்தார்கள். டிரைஸ்மன் குழுக்களை ஏற்படுத்தினார். சுலபக் கணக்கு கொடுக்கவில்லை, கஷ்டமான கணக்கையே கொடுத்தார். பையன்கள் தேறிவிட்டார்கள்!

நம் ஊர்க் கதையும் அதுதான். அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவன் முதல் நாளே ஆங்கிலப் பாடத்தில் திணறுகிறான். சந்தேகம் கேட்டால் பக்கத்துப் பெஞ்சில் சிரிப்பு. அப்புறம் அவன் வாயே திறப்பதில்லை. முதல் அரியரை வீட்டில் சொல்வதில்லை. ஸ்காலர்ஷிப் வருஷக் கடைசியில் வந்தால் நடுவில் மெஸ் பில்லை யார் கட்டுவது?

வாசலைத் திறப்பதில் தமிழ்நாட்டுக்கு நிகர் கிடையாது. 1951-ல் கம்யூனல் ஜி.ஓ. செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னதும், அதே வருஷம் அரசியல் சட்டத்தையே முதல் தடவையாகத் திருத்த வைத்த மாநிலம். 69 சதவீதம் இருக்கிறது. 2021 முதல் இன்ஜினியரிங்கிலும் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீதம், ஃபீஸை அரசே கட்டுகிறது. உள்ளே போனவன் வெளியே எப்படி வருகிறான் என்பதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

மார்க்கை அள்ளிப் போடு என்று யாரும் கேட்கவில்லை. முதல் வருஷத்தில் தினம் சாயங்காலம் இரண்டு மணி நேரம், சீனியர் மாணவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, குழுவாக உட்கார வைக்கட்டும். சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதியிலேயே தொடங்கலாமே! எல்லா வகுப்பு மாணவரும் கலந்து உட்காரணும். இல்லாவிட்டால் அதற்கும் 'கோட்டா டியூஷன்' என்று பேர் வைத்துவிடுவார்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு காலேஜிலும் சேர்ந்தவர் எத்தனை, நாலு வருஷத்தில் அரியர் இல்லாமல் பட்டம் வாங்கியவர் எத்தனை, வகுப்புவாரியாக, தமிழ் மீடியம் - இங்கிலீஷ் மீடியம் வாரியாக, நூற்றுக்கு எத்தனை என்று போர்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். அடுத்த கவுன்சிலிங்குக்கு முன்னால் அந்தக் கணக்கு வெளியே வரணும். எந்தக் காலேஜைத் தேர்ந்தெடுப்பது என்று பெற்றவர்கள் அதைப் பார்த்து முடிவு பண்ணிக்கொள்வார்கள்.