கைதட்டல் மேடைக்கு, கதவடைப்பு பிள்ளைக்கா?

ரவாங்கிலும் அதைச் சுற்றியுள்ள தாமான்களிலும் பிள்ளை வளர்க்கும் அண்ணன்மாரே, அக்காமாரே! இது பாராட்டுக் கடிதம் இல்லை. உங்களைக் கடிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். நானும் பிள்ளை பெற்றவள் என்பதைத் தவிர எனக்கு வேறு உரிமை கிடையாது. கோபம் வந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு கோபப்படுங்கள்.

பிள்ளைகளுக்காக நாம் ஓடும் ஓட்டம் சின்னதில்லை. விடியுமுன் கொமுட்டர் பிடித்துக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறோம். இருட்டிய பிறகு வீடு திரும்புகிறோம். வார இறுதியிலும் படுக்காமல் டியூஷன், பாட்டு, பரதம் என்று பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறோம். பிரிக்பீல்ட்ஸ் வரை கார் ஓட்டிப்போய் டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் வாசலில் விட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் நம்மில் உண்டு. சலங்கைக்கும் மிருதங்கத்துக்கும் ரிங்கிட்டைக் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறோம். இவ்வளவு செய்கிற நாம்தான் அதே பிள்ளையை ஒரு சொல்லில் நொறுக்கியும் போடுகிறோம்.

ஒரு நடன வகுப்பில் என் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். பத்துப் பதினொரு வயதுப் பையன். அரைமண்டியில் உட்கார்ந்து நாட்டடவு போட்டுக்கொண்டிருந்தான். அலபத்மம் பிடித்த கை விரல் நுனி வரைக்கும் சுத்தமாக இருந்தது. ஆசிரியை அவனை முன்வரிசையில் நிறுத்தியிருந்ததற்குக் காரணம் அதுதான். கதவோரம் உட்கார்ந்திருந்த பெற்றோரில் ஒருவர், “பொண்டான் மாதிரி நெளியுறான் பாருங்க” என்றார். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அது பையன் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் மண்டியே போடவில்லை. கையையும் உடம்பையும் விறைப்பாக வைத்துக்கொண்டு மிச்ச நேரத்தை ஓட்டினான். அப்புறம் அவனை அங்கே பார்க்க முடியவில்லை. அப்பா பூப்பந்தில் சேர்த்துவிட்டாராம்.

அந்தப் பையன் நாளைக்கு யாராக வளர்வான் என்று எனக்குத் தெரியாது, சிரித்தவர்களுக்கும் தெரியாது. ஆடுகிற பையன் எல்லாம் திருநங்கை இல்லை. திருநங்கையர் எல்லோரும் ஆடுகிறவர்களும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் கலையையும் நிம்மதியையும் பறிப்பதற்கு அந்தச் சந்தேகம் ஒன்றே போதும் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். பெரியவர்கள் சேர்ந்து ஒரு சிறுவனைக் கேலி செய்தது அநியாயம். அதைக் கேட்டும் கேட்காததுபோல் உட்கார்ந்திருந்த மற்ற பெற்றோரின் மௌனமும் அநியாயம்தான்.

இதே நாம்தான் 2019-ஆம் ஆண்டு பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது வாட்சாப்பில் படம் அனுப்பிப் பெருமைப்பட்டோம். அந்த விருது பெற்ற முதல் திருநங்கை, அதிலும் தமிழச்சி என்று மார்தட்டினோம். அவர் எங்கிருந்து அந்த மேடைக்கு வந்தார் என்று எத்தனை பேர் படித்தோம்?

மதுரையில் 1964-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே தன்னைப் பெண்ணாக உணர்ந்தவர். வைஜயந்திமாலாவின் படங்களைப் பார்த்துப் பார்த்து ஆடக் கற்றவர். வீட்டில் ஏச்சும் அவமானமும் தாங்க முடியாமல், தன்னைப் போலவே இருந்த சக்தி என்ற தோழியோடு வெளியேறினார். கிடைத்த வேலையைச் செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டார்கள், ஆட்டத்தை மட்டும் விடவில்லை. கடைசியில் தஞ்சாவூரில் கே.பி. கிட்டப்பா பிள்ளையைத் தேடிப் போனார்கள். தஞ்சை நால்வர் வழிவந்தவர் அவர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற அந்த நால்வர் வகுத்துக் கொடுத்த முறையில்தான் நம் பிள்ளைகள் இன்றைக்கும் அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிக்கிறார்கள். பாட்டும் நட்டுவாங்கமும் குடும்பச் சொத்தாக இருந்த வீட்டில் போய் நின்ற இந்த இருவரையும் அவர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஏறக்குறைய ஓராண்டு காக்க வைத்தார். பிறகு சேர்த்துக்கொண்டார். பதினைந்து ஆண்டு குருகுலவாசம். ‘நர்த்தகி’ என்ற பெயரே குரு வைத்ததுதான்.

அந்தப் பெரியவர் பழைய காலத்து மனிதர், மரபில் ஊறியவர். நம்மைப்போல் கையில் திறன்பேசி வைத்துக்கொண்டு உலகச் செய்தி படித்தவர் இல்லை. அவர் பார்த்தது உழைப்பு இருக்கிறதா, பொறுமை இருக்கிறதா, காலில் தாளம் நிற்கிறதா என்பதை மட்டும்தான். யாரோ பெற்ற பிள்ளையிடம் ஒரு குருவால் அப்படி நடந்துகொள்ள முடிந்தது. நாம் பெற்ற பிள்ளையிடம் நம்மால் ஏன் முடியவில்லை?

அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. தமிழ்நாட்டின் கலைமாமணி, 2011-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது, பத்மஸ்ரீ. 2021-இல் தமிழக அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினர். பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் அவர் வாழ்க்கை பாடமாக வந்தது. தம் ‘வெள்ளியம்பலம்’ நடனப் பள்ளியில் அடுத்த தலைமுறைக்குத் தஞ்சாவூர் முறையைக் கற்றுக்கொடுக்கிறார். எங்கோ ஒரு வகுப்பறையின் கடைசி வரிசையில், வெளியே சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை அந்தப் பாடத்தைப் படிக்கும்போது, உலகத்தில் தான் தனியாள் இல்லை என்று தெரிந்துகொள்கிறது. அந்தத் தெம்பைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்க வேண்டியது நாம். பாடநூல் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

கர்நாடகத்தின் மஞ்சம்மா ஜோகதியையும் பாருங்கள். எல்லம்மா பக்தியில் பாட்டும் ஆட்டமும் கலந்த ஜோகதி கலையை மேடைக்குக் கொண்டுவந்தவர். அந்த மாநிலத்தின் ஜானபத அகாடமிக்குத் தலைமை ஏற்ற முதல் திருநங்கை. 2021-இல் பத்மஸ்ரீ. இளம் வயதில் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் அவர். அன்றைக்குப் பிழைக்காமல் போயிருந்தால் இந்த வரிசையில் ஒரு பெயர் குறைந்திருக்கும், அவ்வளவுதான். அப்படிக் குறைந்துபோன பெயர்களுக்கு விருதும் இல்லை, படமும் இல்லை. ஒரு கிட்டப்பா பிள்ளையின் கண்ணில் படாத பிள்ளைகள்தான் அதிகம்.

அமெரிக்காவில் ரயன் கசாட்டா என்று ஒரு பாடகர் இருக்கிறார். 1993-இல் பிறந்த திருநம்பி. பள்ளியில் படிக்கும் வயதிலேயே கிட்டாரோடு மேடை ஏறியவர், பள்ளி பள்ளியாகப் போய்ப் பகடிவதைக்கு எதிராகவும் தற்கொலைத் தடுப்புக்காகவும் பேசியவர். அந்நாட்டில் பாலினத்தாலும் பாலீர்ப்பாலும் வேறுபட்ட இளையோருக்காக இயங்கும் டிரெவர் புராஜெக்ட் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தன்னை ஏற்றுக்கொள்கிற பெரியவர் ஒரே ஒருவர் இருந்தாலும், இப்படிப்பட்ட பிள்ளைகள் தற்கொலைக்கு முயல்வது 40 விழுக்காடு குறைவாக இருந்தது என்பதுதான் அதன் முடிவு. ஊரே ஏற்க வேண்டியதில்லை, சாதிசனம் முழுக்க ஏற்க வேண்டியதில்லை. ஒருவர் போதும். அந்த ஒருவராக இருக்க உங்களுக்கு என்ன தடை?

நீங்கள் சொல்லும் பதில்கள் எனக்கு மனப்பாடம். “டிக்டாக் பார்த்துக் கெட்டுப்போச்சு” என்பீர்கள். டிக்டாக் இல்லாத காலத்து மதுரையில் பிறந்தவர் நர்த்தகி. “புத்தி பேதலிச்சுப் போச்சு, டாக்டர்கிட்ட காட்டணும்” என்பீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் திருநராக இருப்பதை மனநோய்ப் பட்டியலிலிருந்து 2019-இலேயே நீக்கிவிட்டது. “கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்” என்பீர்கள். அப்படிச் செய்தால் ஒரு பிள்ளையோடு சேர்த்து, பாவம் அறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வும் பாழாகும். “சாமி குத்தம்” என்பீர்கள். மகாபாரதத்தை வீட்டோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தீர்களே! விராட மன்னன் தன் மகள் உத்தரைக்கு ஆடலும் பாடலும் கற்றுக்கொடுக்க யாரை அமர்த்தினான்? பிருகன்னளை என்ற திருநங்கையாக இருந்த அர்ச்சுனனைத்தானே? கதையில் கும்பிடுகிறோம், கூடத்தில் விரட்டுகிறோம்.

“எங்களுக்கு இதெல்லாம் புரியல” என்று சிலர் உண்மையாகவே சொல்கிறீர்கள். அதைக் குற்றமாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் புரியாதவர் என்ன செய்ய வேண்டும்? சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-இல் ஒரு வழக்கு வந்தது. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ வீட்டை விட்டு வந்துவிட்டார்கள். பெற்றோர் காவல் நிலையம் போனார்கள். வழக்கை விசாரித்த நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், ஒருபால் உறவு பற்றித் தமக்கே போதிய தெளிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஓர் உளவியலாளரிடம் மாணவர்போல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். அதன் பிறகே உத்தரவு எழுதினார். பாலினத்தாலும் பாலீர்ப்பாலும் வேறுபட்டவர்களை ‘மாற்றும் சிகிச்சை’ என்ற பெயரில் வதைக்கக் கூடாது என்றார். பள்ளிகளிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிலும் விழிப்புணர்வு ஏற்படுத்தச் சொன்னார். தெரியாததைத் தெரிந்துகொள்ள ஓர் உயர் நீதிமன்ற நீதிபதிக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. நமக்கு மட்டும் ஏன்?

நம் நாட்டு நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். மைகார்டில் பால் குறிப்பை மாற்றுவது இங்கே மிக மிகக் கடினம். கல்லூரி, வங்கி, மருத்துவமனை, வேலைக்கான நேர்காணல் என்று அட்டையை நீட்டும் ஒவ்வோர் இடத்திலும் அந்தப் பிள்ளை தலைகுனிய வேண்டியிருக்கிறது. திருநங்கை என்பதற்காகவே 2000-ஆம் ஆண்டு ஆண்கள் சிறையில் மூன்று மாதம் அடைபட்ட நிஷா அயூப், வெளியே வந்து மற்றவர்களுக்காகப் போராடினார். கோலாலம்பூரில் ‘சீட்’ அறவாரியத்தை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். 2016-இல் அனைத்துலகத் துணிச்சல்மிக்க பெண்கள் விருதை வாங்கினார். அப்படிப்பட்ட ஓர் அறவாரியம் தேவைப்படுவது ஏன்? வீடுகள் கைவிட்டதால்தான். வெளியே இத்தனை கதவு மூடியிருக்கும்போது வீட்டுக் கதவையும் சாத்தினால் பிள்ளை எங்கே போகும்? போன பிறகு, “எல்லாம் ரோட்டுல நிக்குதுங்க” என்று பேசுவதும் நாம்தான்.

பினாங்கில் 2017 ஜூன் மாதம் இறந்த நவீனை மறந்துவிட்டீர்களா? பதினெட்டு வயது. இசையில் ஆசை கொண்டவர். அதைப் படிக்கக் கோலாலம்பூருக்கு வரவிருந்தார். பள்ளிக்காலம் தொட்டே பெண்தனமாக இருக்கிறார் என்று கேலி செய்யப்பட்டவர். ஓர் இரவு அடித்துச் சித்திரவதை செய்யப்பட்டு, சில நாள் மருத்துவமனையில் கிடந்து உயிரை விட்டார். அன்றைக்கு மெழுகுவத்தி ஏற்றினோம், முகநூலில் அழுதோம். சரி, அதன் பிறகு? பள்ளி வேனில் ஒரு பையனை ‘ஒம்போது’ என்று கூப்பிடும் பிள்ளை அந்தச் சொல்லை எங்கே கற்றது? சாப்பாட்டு மேசையில் கற்றது. திரையில் திருநங்கையைக் காட்டியதும் அப்பா சிரித்த சிரிப்பில் கற்றது. பகடிவதைக்கென்று தண்டனைச் சட்டத்தில் 2025-இல் தனிப் பிரிவுகளே வந்துவிட்டன. நாளைக்கு உங்கள் பிள்ளை போலீஸ் நிலையத்தில் நின்றால், “விளையாட்டுக்குச் சொன்னான்” என்பது எடுபடாது.

ஆகவே கேட்கிறேன், கெஞ்சியும் கேட்கிறேன். ஆட ஆசைப்படும் பையனையும் உறுமி அடிக்க ஆசைப்படும் பெண்ணையும் ஊருக்குப் பயந்து வகுப்பிலிருந்து நிறுத்தாதீர்கள். கேலிப் பேச்சை வீட்டில் இன்றோடு நிறுத்துங்கள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதோடு, கேலிக்கு ஆளாகும் பிள்ளைகளுக்குப் பள்ளி என்ன செய்கிறது என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளை நடுங்கிக்கொண்டு வந்து ஒன்றைச் சொன்னால், அடிக்காதீர்கள், அழுது ஆர்ப்பாட்டம் செய்யாதீர்கள், மந்திரவாதியிடம் இழுத்துப்போகாதீர்கள். “நீ எப்பவும் எங்க பிள்ளைதான்” என்று முதலில் சொல்லுங்கள். மற்ற கேள்விகளைப் பொறுமையாகப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். மனசு தாங்கவில்லை என்றால், பிள்ளையானாலும் நீங்களானாலும், பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

பிள்ளை பத்மஸ்ரீ வாங்கினால் ஏற்றுக்கொள்வோம் என்று காத்திருக்காதீர்கள். அது பாட வேண்டாம், ஆட வேண்டாம், பரிசு எதுவும் கொண்டுவர வேண்டாம். நம் வயிற்றில் பிறந்தது என்ற ஒரு தகுதி போதும். அந்தத் தகுதியை மறுக்கும் உரிமை பெற்றவர் யாருக்கும் இல்லை.