எதிர்பாராத ஒரு நாள்

சிதம்பரத்திற்கு அணித்தே வெள்ளாற்றங்கரையில் அமைந்த ஊர் புவனகிரி. அங்கு வந்த வெளியூரார் ஒருவர், கருதிய செயல் முடியாமையால் மேலும் ஒரு நாள் தங்க நேர்ந்ததாகக் கொள்க. அந்நாளை வீண்நாள் என்று நொந்துகொள்வோரே பலர். அது தக்கதன்று.

1896-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் வந்த காந்தியடிகள், கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்குப் புகைவண்டியில் சென்றார். அலகாபாத்தில் வண்டி 45 நிமிடம் நின்றது. ஊரைக் காணவும் மருந்து வாங்கவும் அவர் இறங்கினார். மருந்துக் கடையில் காலம் தாழ்ந்தது. அவர் மீள்வதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது.

அடிகள் சோர்ந்தாரல்லர். தாம் ஏற்ற பணியை அவ்வூரிலேயே தொடங்கினார். 'பயனீர்' என்னும் ஆங்கில நாளிதழின் ஆசிரியரைக் கண்டு, கடல் கடந்து வாழும் இந்தியர் படும் துன்பத்தை எடுத்துரைத்தார். அடிகள் எழுதுவதைத் தம் இதழில் குறிப்பிட ஆசிரியரும் இசைந்தார். எஞ்சிய பொழுதில் அடிகள் திரிவேணி சங்கமத்தைக் கண்டு மகிழ்ந்தார். பின்னர் அவர் வெளியிட்ட சிறுநூலைப் பற்றி அவ்விதழ் எழுதிற்று. அந்நூலின் செய்தி சுருங்கியும் திரிந்தும் நேட்டாலை எட்டியது. 1897-இல் டர்பனில் வெள்ளையர் கூட்டம் அவரைத் தாக்கியது. அடிகள் தம் பணியைக் கைவிட்டாரல்லர். தவறிய வண்டி ஒன்று இத்துணைக்கும் வாயிலாயிற்று.

புவனகிரியில் தங்கியவர்க்கும் அந்நாள் வறிதன்று. அஃது இராகவேந்திரர் பிறந்த ஊர். வெள்ளாறு கடலொடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் ஐதர் அலி 1781-இல் ஆங்கிலேயரோடு பொருதார். தில்லைத் திருக்கோயிலும் அருகே உளது. இவற்றைக் காணலாம், ஊராரோடு அளவளாவலாம். வண்டி தவறுதல் எவர்க்கும் நேரும். நாளையும் தவறவிடுதல் அறிவுடையார் செயலன்று.