நாவல் எழுதியவர் கடனாளி ஆகவேண்டுமா?



கிளமெண்டியில் மூவறை வீட்டில் குடியிருக்கும் என் நண்பர் ஒருவர் பாதுகாவலர் வேலை பார்க்கிறார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. இரவுப் பணியில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி எழுதி, நான்கு ஆண்டுகளில் ஒரு நாவலை முடித்துவிட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவருடைய அப்பாவின் கதை அது.

சென்னைப் பதிப்பகம் ஒன்று அதை வெளியிட முன்வந்தது. மூவாயிரம் வெள்ளி கேட்டது. மகளின் படிப்புக்கு எடுத்துவைத்த பணத்திலிருந்து கொடுத்தார். ஐந்நூறு பிரதிகள் வந்து இறங்கின. வெளியீட்டு விழாவில் எண்பது விற்றன. மற்றவை இன்றும் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. "எனக்குப் பதிப்பகம் கிடைத்தது" என்றுதான் அவர் இப்போதும் சொல்லிக்கொள்கிறார்.

உண்மையில் கிடைத்ததா?

பணம் யாருடையது?

பதிப்பகம் என்றால் அது தன் பணத்தைப் போட்டு அச்சிட வேண்டும். பிழை திருத்துவது, அட்டை போடுவது, கடைகளுக்கு அனுப்புவது எல்லாம் அதன் செலவு. எழுத்தாளருக்கு உரிமைத்தொகை தர வேண்டும். தமிழில் விற்பனை விலையில் பத்து விழுக்காடு என்பது பரவலான வழக்கம். எழுத்தாளரிடமே பணம் வாங்கி அச்சிட்டுக் கொடுத்தால் அது சொந்தப் பதிப்புதான். அட்டையில் மட்டும் அடுத்தவர் பெயர் இருக்கும்.

சொந்தப் பதிப்பு கேவலமல்ல. பதிப்பகம் என்ற பெயரைக் காட்டி நம்மிடம் அதை விற்பதுதான் தவறு.

நம்மவர் ஏன் இதில் விழுகிறார்கள்? நாம் சிறிய சமூகம். வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு. 2020இல் 2.5 விழுக்காடு. இந்தச் சந்தையை நம்பி முதல் போட எந்த வியாபாரியும் யோசிப்பார். ஆகவே செலவு எழுதியவர் தலையில் விழுகிறது.

காத்திருந்தவர், கை நீட்டியவர்

காத்திருந்தால் நல்ல பதிப்பகம் வராதா என்று கேட்கலாம். ப. சிங்காரம் காத்திருந்தார். இளம் வயதில் மேடானுக்குப் பிழைக்கப் போனவர். போர்க்காலத்தில் பினாங்கிலும் மேடானிலும் தமிழர் பட்ட பாட்டை நாவலாக்கினார். 1950இல் எழுதிய 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்ற பிறகு 1959இல்தான் நூலானது. 1962இல் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' 1972இல்தான் வந்தது. இரண்டுக்கும் ஏறக்குறைய பத்துப் பத்து ஆண்டு. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்றாக அது பேசப்படுகிறது. ஆனால் 1997இல் மறையும்வரை அவர் நமக்குக் கொடுத்தது அந்த இரண்டே நாவல்கள். காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

சொந்தமாகப் போட நினைத்தவர் பாரதி. தம் எழுத்துகளை 40 நூல்களாக, நூலுக்குப் பத்தாயிரம் பிரதி வீதம், மொத்தம் நான்கு லட்சம் பிரதிகள் அச்சிட 1920இல் திட்டம் போட்டார். அதற்கு ஆளுக்கு நூறு ரூபாய் கடன் கேட்டு அன்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். திட்டம் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு அவரே போய்விட்டார்.

ஒருவர் பதிப்பாளருக்காகக் காத்திருந்தார், ஒருவர் மக்களிடம் கை நீட்டினார். இருவருக்கும் வேண்டிய நேரத்தில் பக்கத்தில் ஆளில்லை. ஆகவே எந்த வழி நல்லது என்பதைவிட, எழுதுகிறவருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி.

நாம் செய்யக்கூடியவை

எழுதும் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். பணம் யார் போடுவது? பதிப்புரிமை யாருக்கு? விற்காத பிரதிகள் யாருக்கு? பணம் உங்களுடையது என்றால் உரிமையை எழுதிக் கொடுக்காதீர்கள். சிங்கப்பூரில் பதிப்புரிமை எழுத்தாளரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். அது உங்கள் பேரப்பிள்ளைகளின் சொத்து.

சொந்தமாகப் போடுவதானால் ஐந்நூறு வேண்டாம். இன்றைய அச்சு முறையில் நூறு, இருநூறு பிரதிகள்கூடப் போடலாம். அட்டைக்குச் செலவழிப்பதற்கு முன் பிழை திருத்துபவருக்குக் கொடுங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலக வாரியம் இலவசமாகத் தருகிறது. இங்கே வெளியிடும் நூலில் இரண்டு பிரதிகளைச் சட்டப்படி அங்கே ஒப்படைக்க வேண்டும். அப்படிச் செய்தால் உங்கள் அப்பாவின் கதை இந்த நாட்டின் ஆவணமாக நிலைக்கும். தேசியக் கலைகள் மன்றத்தின் மானியங்களையும் விசாரியுங்கள். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று ஒதுங்க வேண்டாம். வீட்டில் படித்த பிள்ளைகளை உட்காரவைத்து நிரப்புங்கள்.

வாசிக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளியீட்டு விழாவுக்கு வந்து சால்வை போட்டு, படம் எடுத்து, சாப்பிட்டுப் போனால் போதாது. புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே நூறு குடும்பங்கள் ஆளுக்குப் பதினைந்து வெள்ளி கொடுத்து முன்பதிவு செய்தால் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி சேரும். சிறிய பதிப்புக்கு அது பெரிய கைத்தாங்கல். தேக்காவில் ஒரு வேளைக் குடும்பச் சாப்பாட்டுக்கு இதைவிட அதிகம் ஆகிறது.

மூட்டை தூக்கியவர்கள், சாலை போட்டவர்கள், வீடு வீடாகப் பால் ஊற்றியவர்கள் கதையை நமக்காக வேறு யாரும் எழுதப்போவதில்லை. எழுதத் துணிந்த நம்மவரைக் கடனாளியாக்கிவிட்டு, நம் வரலாறு எங்கே என்று பிறகு கேட்கும் தகுதி நமக்கு இல்லை.

என் நண்பரின் கட்டிலுக்கு அடியில் இன்னும் நானூற்று இருபது பிரதிகள் இருக்கின்றன. முதலில் அவற்றை வெளியே எடுப்போம்.